வாய்தா கேட்க இனி இடமில்லை

நியாயஸ்தலங்களில் பழகியவர்கள் ஒரு தந்திரத்தை நன்கறிவர். தன் பக்கம் நியாயம் இல்லையென்று உணர்ந்த பிரதிவாதி கடனை மறுத்து வாதாடமாட்டான். கொடுக்கவேண்டியது கொடுக்கவேண்டியதே என்று மிக்க மரியாதையாகவே பேசுவான். ஆனால் ஒவ்வொரு தடவையும் வாய்தா கேட்பான். தஸ்தாவேஜு கிடைக்கவில்லை என்பான். சாட்சி ஊரில் இல்லை என்பான். வக்கீலுக்குச் சுகமில்லை என்பான். கடன் கொடுத்தவன் அலைந்து சலித்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு போகும்வரையில் இந்த நாடகம் நடக்கும். புவி வெப்பம் என்னும் மகா வியாஜ்யத்தில் உலகத்துச் சர்க்கார்கள் இன்று கையாளும் முறை இதுவே என்பது நமது அபிப்பிராயம்.

வழக்கின் சரித்திரத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1992இல் ரியோ டி ஜெனீரோ நகரில் தேசங்கள் கூடி, பூமியைச் சூடேற்றும் வாயுக்களை ஆபத்தில்லாத அளவில் நிறுத்துவதென்று உடன்படிக்கை செய்துகொண்டன. 1997இல் கியோட்டோவில் பணக்கார தேசங்கள் தம் பங்கைக் குறைப்பதாக ஒப்பின. அமெரிக்கா அதில் கையெழுத்திட்டும் ஊர்ஜிதம் செய்யவேயில்லை. 2015இல் பாரிஸில், வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு மிகவும் கீழே நிறுத்துவதென்றும், 1.5 டிகிரியோடு நிறுத்த முயல்வதென்றும் தீர்மானமாயிற்று. அதன்பின் தவணைகள் வந்தன. இங்கிலாந்து 2050 என்றது. சீனா 2060 என்றது. நமது பிரதம மந்திரி 2021இல் கிளாஸ்கோவில் 2070 என்றார். அன்று மண்டபத்தில் கைதட்டியவர்களில் அநேகர் அந்தத் தவணை நாளில் பதவியில் இருக்கப்போவதில்லை. பலர் உயிரோடும் இருக்கமாட்டார்கள். தூரத்துத் தவணை வைப்பது தவறென்று நாம் சொல்லவில்லை. அருகில் ஒரு தவணையும் இல்லாத தூரத்துத் தவணைக்கு வாய்தா என்றே பெயர் என்கிறோம்.

‘இன்று குறைத்தாலென்ன, இருபது வருஷம் கழித்துக் குறைத்தாலென்ன? முடிவில் பூஜ்யமானால் போதாதா?’ என்று சிலர் கேட்கலாம். போதாது. கரியமில வாயு அடுப்பங்கரைப் புகையைப்போலக் காற்றடித்தால் கலைந்துபோவதன்று. ஆகாயத்தில் ஏறியதில் ஒரு பெரும்பகுதி நூற்றாண்டுக்கணக்காக அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே, பூமி எவ்வளவு சூடேறும் என்பதை நிர்ணயிப்பது 2070ஆம் வருஷத்துக் கணக்கு மட்டுமன்று. அதுவரையில் விட்டுத் தீர்த்த மொத்தக் கணக்கேயாகும். ஏரி கரைமட்டும் நிரம்பி நிற்கையில், வரும் தண்ணீரை இப்பொழுதே மறித்துத் திருப்பாமல், அடுத்த பட்டத்தில் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லும் மணியக்காரனை ஊரார் சும்மா விடுவார்களா?

1988இல் ஐக்கிய நாடுகளின் ஆதரவில் ஏற்பட்ட சர்வதேச விஞ்ஞானக் குழு இந்த ஏரியின் கொள்ளளவையும் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறது. 1.5 டிகிரியோடு நிற்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பாவது வேண்டுமாயின், 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து உலகம் முழுவதும் சேர்ந்து இனி விடக்கூடிய கரியமில வாயு 50,000 கோடி டன் மட்டுமே என்பது அதன் மதிப்பு. உலகம் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 4,000 கோடி டன் விட்டுவருகிறது. வகுத்தல் கணக்குத் தெரிந்த பள்ளிச் சிறுவனும் இந்தக் கையிருப்பு எத்தனை வருஷத்துக்கு வரும் என்று சொல்லிவிடுவான். பிந்திய மதிப்புகளோ மீதி அதனினும் குறைவென்கின்றன. 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டுகளின் சராசரியில் பூமி, யந்திரத் தொழில் பெருகுவதற்கு முன்னிருந்ததைவிட 1.1 டிகிரி சூடேறியிருந்தது. 2024ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அது 1.5 டிகிரியையும் தாண்டிற்று. ஓராண்டு தாண்டியதால் நீண்டகாலச் சராசரி தாண்டிவிட்டதாகாது. ஆயினும் மணி அடித்துவிட்டதென்பதில் சந்தேகமில்லை.

இவை ஏதோ வடதுருவத்துப் பனிக்கட்டியைப் பற்றிய விஷயம் என்று எண்ணுகிறவர்கள் தம் ஜில்லாவைச் சுற்றிப் பார்க்கட்டும். காற்று ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் சுமார் 7 சதவிகிதம் அதிகமான நீராவியைச் சுமக்கவல்லது. சுமந்ததை ஒருநாள் கொட்டித்தான் தீரவேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணிக் கரையூர்கள் தீவுகளாயின. ஒரு தனி மழைக்கு இதுவே முழுக் காரணம் என்று ஆணையிட்டுக் கூற நாம் முன்வரவில்லை. ஆனால் இத்தகைய மழைகளின் கொடுமையைச் சூடேறிய காற்றும் கடலும் மிகுவிக்கின்றன என்பது விஞ்ஞானிகளிடையே இப்போது தர்க்கத்துக்குரிய விஷயமன்று. 2024இல் தமிழ்நாட்டுச் சர்க்கார் வெப்ப அலையை மாநிலத்தின் பேரிடர்களில் ஒன்றாக அறிவித்து, அதில் மாள்வோர் குடும்பத்துக்கு நஷ்ட ஈடும் விதித்தது. வெயில் கடுமையாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய், வெயிலுக்குப் பலியானவர்களின் ஜாபிதா தயாரிக்கும் காலம் வந்துவிட்டது. அந்த ஜாபிதாவில் முதலில் ஏறும் பெயர்கள் உப்பளத்துக் கூலிகளுடையவை, சித்தாள்களுடையவை, வயலில் குனிந்து நிற்பவர்களுடையவை. குளிர்ந்த அறையில் அமர்ந்து தலையங்கம் எழுதுகிற நம் போன்றாருடையவை அல்ல.

இனிச் செய்யவேண்டுவது யாது? அதே விஞ்ஞானக் குழு 2022 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை விடையைத் தெளிவாகச் சொல்லிற்று. 1.5 டிகிரியோடு நிற்கவேண்டுமாயின், உலகத்தின் வெப்பவாயுக்கள் 2025க்கு முன்னரே உச்சத்தை அடைந்து இறங்கத் தொடங்கவேண்டும். 2030க்குள், 2019இல் இருந்த அளவில் 43 சதவிகிதம் குறையவேண்டும். 2 டிகிரிக்குள் நிற்பதற்கே 27 சதவிகிதம் குறைய வேண்டும். நடந்ததென்ன? 2024இல் அவை முன்னெப்பொழுதும் கண்டிராத உயரத்தை எட்டின. முதல் தவணை தவறிவிட்டது. இரண்டாவது தவணை இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வருகிறது. அதற்கு வழியில்லை, பணமில்லை என்னும் சாக்குக்கும் அவ்வறிக்கை இடம் வைக்கவில்லை. டன்னுக்கு 100 டாலருக்கு மேற்படாத செலவுள்ள வழிகளைக்கொண்டே 2019ஆம் ஆண்டின் அளவில் குறைந்தது பாதியை 2030க்குள் தவிர்க்கலாம் என்றும், அதிலும் பாதிக்கு மேற்பட்டது 20 டாலருக்கும் குறைந்த செலவில் கைகூடுமென்றும் அது காட்டிற்று. மருந்து கடையில் இருக்கிறது. வாங்கி வர ஆளில்லை என்பதே நிலைமை.

நோய் ஓர் உறுப்பில் மட்டும் இல்லை. உலகத்தின் மொத்த வெப்பவாயுவில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமும் எரிபொருளும் உண்டாக்குவதிலிருந்து வருகிறது, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தொழிற்சாலைகளிலிருந்து, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டது விவசாயத்திலும் காடழிப்பிலுமிருந்து, 15 சதவிகிதம் போக்குவரத்திலிருந்து, எஞ்சியது கட்டடங்களிலிருந்து. ஆகவே ஒரு துறையில் விளக்கேற்றிவிட்டு மற்றவற்றை இருட்டில் விடுவது பயன்படாது.

மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கே நம் தேசம் பெருமைப்படத்தக்க காரியம் செய்திருக்கிறது. மின் உற்பத்தி நிலையங்களின் கொள்ளளவில் பாதியை நிலக்கரி முதலியவை அல்லாத வழிகளில் அமைப்பதென்று 2030க்கு வைத்த இலக்கை இந்தியா 2025இலேயே எட்டிவிட்டது. ஆனால் கொள்ளளவு வேறு, உண்மையில் ஓடிவரும் மின்சாரம் வேறு. 2024இல் நாம் உபயோகித்த மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிலக்கரியே கொடுத்தது. சூரியன் மாலையில் மறைகிறான். விளக்குகளும் விசிறிகளும் மாலையில்தான் ஏறுகின்றன. ஆகவே இனிப் பணம் போகவேண்டிய இடம் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் சாதனங்களும், அதைக் கொண்டுசெல்லும் கம்பித் தடங்களுமாகும். மிகுதியான மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றி, வேண்டும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் முறை நமக்குப் புதிதன்று. கோயம்புத்தூர் ஜில்லா கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களின் இறுதியிலிருந்து அதைச் செய்துவருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி ஆடிக் காற்று வீசும்போது, அம்மின்சாரத்தை எடுத்துக்கொள்ள வசதியின்றிக் காற்றாலையை நிறுத்திவைப்பது, பசித்தவன் வீட்டில் சோற்றைக் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. நிலக்கரி நிலையம் ஒன்று கட்டப்பட்டால் அது நாற்பது வருஷம் எரியும். இன்று அஸ்திவாரம் போடுவது 2070க்கு அருகில்தான் அணையும். ஆகையால் 2070ஆம் ஆண்டின் வாக்குறுதி மெய்யா பொய்யா என்பது 2070இல் தெரியப்போவதில்லை. இவ்வருஷம் எந்த அஸ்திவாரக் கல்லுக்கு மாலை போடுகிறோம் என்பதிலேயே தெரிந்துவிடும். பழைய நிலையங்களை மூடும் நாள் வரும்போது, நெய்வேலியிலும் ஜார்க்கண்டிலும் சுரங்கத்தில் உழைத்தவர்களை நடுத்தெருவில் விடுவதை நாம் ஒருநாளும் ஆதரியோம். மூடும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டால்தான் மாற்றுத் தொழிலுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யமுடியும். வாய்தா கேட்பவன் தொழிலாளியையும் சேர்த்தே ஏமாற்றுகிறான்.

அடுத்தது விவசாயம். நிலத்தில் எப்போதும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குக் காற்று இல்லாமற்போய், நுண்ணுயிர்கள் மீதேன் என்னும் வாயுவைப் பிறப்பிக்கின்றன. அது ஆகாயத்தில் ஏறக்குறைய 12 வருஷமே தங்கும். ஆனால் இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூடேற்றும். ஆகவே அதைக் குறைப்பதன் பயனை நம் காலத்திலேயே காணலாம். நெல் வயலில் இதற்கு மருந்து நம் விவசாயிகள் அறிந்ததே: காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது. இதனால் தண்ணீரும் மிச்சமாகும், மீதேனும் பெரிதும் குறையும், விளைச்சலும் குன்றாது. பின் ஏன் எல்லோரும் செய்யவில்லை? கடைமடை விவசாயியைக் கேட்டால் சொல்வான். அடுத்த முறைத் தண்ணீர் வருமா என்ற நிச்சயமில்லாதவன், வயலில் நிற்கும் தண்ணீரை எப்படி வடியவிடுவான்? வாய்க்கால் தூர்ந்திருக்க, மதகு பழுதாயிருக்க, மேட்டூர்க் கதவு எப்பொழுது திறக்கும் எப்பொழுது மூடும் என்பது தெரியாதிருக்க, குடியானவனுக்குப் பருவநிலைப் பிரசங்கம் செய்வது பரிகாசமாகும். சர்க்கார் தண்ணீரின் தேதியை நிச்சயம் செய்யட்டும். குடியானவன் வயலைக் காயவிடுவான்.

2030க்குள் மீதேனை 30 சதவிகிதம் குறைப்பதென்று 2021இல் பல தேசங்கள் செய்த உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. ஏழைக் குடியானவன் தலையில் சுமை ஏறலாகாதென்னும் காரணத்தை நாமும் மதிக்கிறோம். ஆனால் மீதேன் நெல் வயலிலும் மாட்டுக் கொட்டிலிலும் மட்டும் பிறப்பதன்று. நிலக்கரிச் சுரங்கங்களிலும் எண்ணெய்க் கிணறுகளிலும் கசிகிறது. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் உள்ளவை போன்ற குப்பைமேடுகளில் புழுங்குகிறது. குடியானவனைத் தொடாமலே அங்கே தொடங்கலாம் அல்லவா?

போக்குவரத்தில் நமது யோசனை எளியது. சுதந்திரம் பெற்ற காலத்தில் நாட்டுச் சரக்கின் மிகப் பெரும் பகுதியை ரயிலே சுமந்தது. இன்று மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சுமக்கிறது. அகல ரயில்பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்சாரமயமாகிவிட்ட இந்நாளில், லாரிச் சரக்கை ரயிலுக்குத் திருப்புவதே புத்திசாலித்தனம். நகரங்களில் பணக்காரன் வாங்கும் மின்சாரக் காரைவிட, ஏழை ஏறும் பஸ் ஒன்று அதிகமாய் ஓடுவது தேசத்துக்கு நன்மை. தொழிற்சாலைகளில் சிமெண்டும் எஃகும் கடினமான பகுதி. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதே அதனுள்ளிருந்து கரியமில வாயு வெளிப்படுகிறது. அங்கே சாம்பலும் களிமண்ணும் கலந்து சுண்ணாம்பைக் குறைப்பதும், பழைய இரும்பை மின் உலையில் உருக்குவதும் இன்றே செய்யத்தக்கவை. மற்றவை ஆராய்ச்சிக்குரியவை; அதற்காக இன்று முடிவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

விரைவில் காரியம் நடக்குமா என்று ஐயுறுகிறவர்களுக்கு வீட்டு விளக்கையே சாட்சியாகக் காட்டுகிறோம். 2015இல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த திட்டத்தில் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் ஜனங்களிடம் விற்கப்பட்டன. மொத்தமாக வாங்கியதால் விலையும் மளமளவென்று சரிந்தது. சில வருஷத்தில் குண்டு பல்பு வீடுகளைவிட்டுப் போய்விட்டது. எவரும் இருட்டில் வாடவில்லை; மின்சாரக் கட்டணம் குறைந்தது. விசிறிக்கும், குளிர்பதன யந்திரத்துக்கும், வெயிலைத் தாங்கும் கூரைக்கும் இதே முறையைக் கையாளத் தடை என்ன?

‘பாவம் செய்தவன் அவன், பிராயச்சித்தம் நமக்கா?’ என்பதே தேசாபிமானிகள் பலர் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. இதுவரை மனிதர் விட்ட கரியமில வாயுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் இந்தியன் விடுவது உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் 2020க்குள் தருவதாக 2009இல் சொன்னவர்கள், தம் கணக்குப்படியே 2022இல்தான் அதை எட்டினார்கள். அமெரிக்காவோ பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து இரண்டாவது தடவையும் விலகுவதாக 2025 ஜனவரியில் அறிவித்தது. இந்த அநீதியை ஒவ்வொரு சபையிலும் உரத்துச் சொல்லவேண்டும். ஒரு காசும் விட்டுக்கொடுக்கலாகாது. ஆனால் கடன்பட்ட அயலான் கொடுக்கும்வரை நம் வீட்டுக் கூரையில் பிடித்த தீயை அணைக்கமாட்டேன் என்பது தேசாபிமானமா? மேலும், நம் தேசத்திற்குள்ளேயே அதே நியாயம் உண்டு. மாளிகைவாசி விடும் புகையைக் குடிசைவாசியின் சராசரிக்குள் ஒளித்துவைத்துக் காட்டுவது, தலைக்கணக்கைத் துர்விநியோகம் செய்வதேயாகும்.

உண்மையில் இது சுதேசியத்தின் கேள்வி. நாம் எரிக்கும் கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் அந்நிய நாட்டிலிருந்து வருகிறது. தாதாபாய் நவரோஜி நாட்டுச் செல்வம் வெளியேறுவதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனி நிறுவினார். அவர்கள் இன்றிருந்தால் இந்த எண்ணெய்க் கணக்கைக் கண்டு என்ன சொல்வார்கள்? தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி 1945இல் வெளிவந்த தம் நூலில், தோண்டத் தோண்டத் தீரும் பொருள்களையும் தீராது ஓடிவரும் பொருள்களையும் பிரித்துக் காட்டினார். நிலக்கரியும் எண்ணெயும் முன்னதைச் சேர்ந்தவை; வெயிலும் காற்றும் பின்னதைச் சேர்ந்தவை. வெயிலுக்கு எந்தச் சுல்தானிடமும் விலை பேசவேண்டியதில்லை.

இனி, சட்டம். 2024 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, பருவநிலை மாற்றத்தின் தீங்குகளினின்று காக்கப்படும் உரிமை அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் ஷரத்துகளில் அடங்கியதென்று தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் இது சர்க்கார்களின் சட்டக் கடமையென்று அபிப்பிராயம் கூறிற்று. ஆனால் உரிமை ஏட்டில் இருக்கிறது. அதை நிறைவேற்றக் காலவரையறையுள்ள தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. நம்மை ஆண்ட இங்கிலாந்தைப் புகழ்வது நமது வழக்கமன்று. எனினும் அத்தேசம் 2008இல் இயற்றிய சட்டம் கவனிக்கத்தக்கது. ஐந்தாண்டுக்கு ஒரு வரம்பு, அதைச் சரிபார்க்கச் சர்க்காருக்குக் கட்டுப்படாத ஒரு குழு, பார்லிமெண்டில் பதில் சொல்லும் கடமை, இவையே அதன் உயிர். 1882இல் நிலக்கரியால் மின்சார நிலையம் தொடங்கிய அந்நாடு, 2024 செப்டம்பர் 30ஆம் தேதி தன் கடைசி நிலக்கரி நிலையத்தை மூடிவிட்டது. நமக்கு அதே தேதி வேண்டியதில்லை. ஆனால் ஒரு தேதி வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். மத்திய சர்க்காரும் மாநிலச் சர்க்கார்களும், மின்சாரம், தொழில், விவசாயம், போக்குவரத்து, கட்டடம், காடு என்னும் ஒவ்வொரு துறைக்கும் 2030க்குள் செய்யப்போவதைத் தனித்தனியே எண்ணிக்கையில் எழுதி, சட்டசபையின்முன் வைக்கவேண்டும். வருஷந்தோறும் வரவு செலவுக் கணக்கோடு இந்தக் கணக்கையும் படிக்கவேண்டும். தவறினால் மந்திரி எழுந்து காரணம் சொல்லவேண்டும்.

தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எந்தக் கட்சிக் கொடியைப் பிடித்தாலும் சரி, உங்கள் தலைவர் அடுத்த முறை மேடையேறும்போது 2070ஐப் பற்றிக் கேட்காதீர்கள். அதற்கு அவர் அழகாய்ப் பதில் சொல்வார். வருகிற பட்ஜெட்டில் எந்த வாய்க்காலுக்கு, எந்த மின்தடத்துக்கு, எத்தனை பஸ்ஸுக்குப் பணம் ஒதுக்கப்போகிறார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் கேளுங்கள். இந்த வழக்கில் வாதிகள் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஆஜராகவேண்டியவர்கள் நாமே.